கூரையில்லாத காருக்கு முதலில் தேவை விறைப்பு: பழைய மஸ்டாங் கன்வெர்ட்டிபிளை மேம்படுத்தும் வரிசை

தீப்பெட்டி ஒன்றை எடுத்துக் குச்சிகளைக் கொட்டிவிட்டு, உள்தட்டை மட்டும் தனியே உருவி, அதன் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் முறுக்கிப் பாருங்கள். எந்தச் சிரமமும் இல்லாமல் அது கோணிக்கொள்ளும். அதே தட்டை மேலுறைக்குள் செருகி மறுபடியும் முறுக்கினால் விரல்களுக்கு நன்றாகவே வேலை வைக்கும். அட்டை சற்றுக் கூடியிருக்கிறது என்பது உண்மைதான் என்றாலும், விறைப்பு இவ்வளவு உயர்ந்ததற்கு முதன்மையான காரணம் திறந்திருந்த வடிவம் நான்கு புறமும் மூடிய வடிவமாக மாறியதே. கூரையுள்ள காருக்கும் கூரையை நீக்கிய காருக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இதுதான்.

துணிக்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டு ஓட்டக்கூடிய கன்வெர்ட்டிபிள் வகை அமெரிக்க மசில் கார் (பெரிய எஞ்சினும் மிகுந்த சக்தியும் கொண்ட கார்) ஒன்றை வாங்கியவர், பெரும்பாலும் முதலில் கேட்பது எஞ்சினிலிருந்து இன்னும் எவ்வளவு குதிரைத்திறன் எடுக்கலாம் என்பதைத்தான். இக்கட்டுரை அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுகிறது. முதலில் உடற்கட்டு, அடுத்து சஸ்பென்ஷனும் டயரும், பிறகு பிரேக், எல்லாவற்றுக்கும் பின்னர் எஞ்சின் என்ற வரிசையில் வேலை நடந்தால்தான் செலவழித்த பணம் சாலையில் தெரியும். அந்த வரிசை ஏன் அப்படி அமைகிறது என்பதைப் புதியவர்களுக்கு விளக்குவதே இங்கு நோக்கம்.

எடுத்துக்காட்டுக்கு 1965, 1966 மாடல் ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்ட்டிபிளை எடுத்துக்கொள்வோம். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரில் தொடக்கத்திலேயே கன்வெர்ட்டிபிள் வகை இருந்தது. வரிசை எண் 1 கொண்ட மஸ்டாங்கே வெள்ளை நிறக் கன்வெர்ட்டிபிள்தான், அது இன்று டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மஸ்டாங்கை மசில் கார் என்று சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் கணக்கில் 389 கன அங்குல எஞ்சினோடு 1964இல் வந்த பாண்டியாக் ஜிடிஓ போன்றவையே மசில் கார்கள், மஸ்டாங் 'போனி கார்' என்னும் வேறு சாதி. வகைப்பாட்டில் அவர்கள் சொல்வது சரியே. ஆனால் அடிக்கட்டமைப்பு வேறானாலும், கூரையை இழந்த உடற்கட்டு இரண்டிலும் முறுக்கிக்கொள்ளவே செய்கிறது. மஸ்டாங்குக்கு உதிரிபாகங்களும் எளிதில் கிடைப்பதால் கற்றுக்கொள்ள அதுவே ஏற்றது.

கூரையோடு சேர்ந்து போவது எது?

லாரியைப் போலத் தனியாக ஏணி வடிவச் சேஸிஸ் ஒன்றும் அதன்மேல் பொருத்திய கூடு ஒன்றுமாக மஸ்டாங் அமைந்திருக்கவில்லை. ஃபோர்டின் ஃபால்கன் காரிலிருந்து வந்த அதன் கட்டமைப்பில் தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடும் ராக்கர் என்னும் பெட்டி வடிவப் பகுதி, தூண்கள், கூரை ஆகிய அனைத்தும் வெல்டிங்கால் ஒன்றாகி, எல்லாம் சேர்ந்தே சுமையைத் தாங்குகின்றன. முன்பக்கத்தில் எஞ்சினைத் தாங்கும் இரண்டு சட்டங்கள் முன் இருக்கைகளின் அடியோடு முடிந்துவிடுகின்றன. பின்பக்கத்தில் அச்சைத் தாங்கும் இரண்டு சட்டங்கள் பின் இருக்கைக்குக் கீழேதான் தொடங்குகின்றன. இடைப்பட்ட பகுதியில் முன்னையும் பின்னையும் இணைப்பவை தரைத்தகடும் ராக்கரும் கூரையும் மட்டுமே. அவற்றில் ஒன்றைக் கழற்றிவிட்டால் மற்ற இரண்டின் தலையில்தான் முழுச்சுமையும் விழும்.

ஃபோர்டுக்கு இது தெரியாமலில்லை. கன்வெர்ட்டிபிளின் ராக்கருக்குள் கூடுதல் தகடுகளையும், இருக்கைகளுக்கு அடியில் பலப்படுத்தும் தகடுகளையும் சேர்த்தே தொழிற்சாலை அனுப்பியது. அதனால்தான் கூரையைக் கழற்றிய கார், கூரையுள்ள காரைவிடக் கனமாக இருக்கிறது என்ற வேடிக்கை நிகழ்கிறது. அவ்வளவு எடையைச் சேர்த்தும் கூரை தந்த விறைப்பு முழுமையாகத் திரும்பவில்லை. மேடுபள்ளமான சாலையில் முன்கண்ணாடிச் சட்டமும் ஸ்டீயரிங் சக்கரமும் டாஷ்போர்டும் ஒன்றாக நடுங்கும், உட்புறக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகத் தெரியும். இந்த நடுக்கத்தை அமெரிக்கர்கள் 'கவுல் ஷேக்' என்கிறார்கள்.

இந்த நடுக்கத்தோடு செவர்லே போட்டுப் பார்த்த சண்டை சுவையானது. 1967 முதல் 1969 வரையிலான கமாரோ கன்வெர்ட்டிபிளின் நான்கு மூலைகளிலும், ஸ்பிரிங்கில் தொங்கும் கனமான இரும்புத் துண்டு எண்ணெய்க்குள் ஆடும்படி அமைத்த உருளை டப்பாக்களை வைத்தார்கள். உடற்கட்டு ஒரு பக்கம் அதிர முயன்றால் உள்ளிருக்கும் எடை எதிர்ப்பக்கம் ஆடி அதை அடக்கும். 'காக்டெயில் ஷேக்கர்' என்று செல்லப்பெயர் பெற்ற இவற்றை, தேவையில்லாத எடை என்று நினைத்துக் கழற்றி எறிந்துவிட்டுப் பிறகு தேடி அலைந்தவர்கள் பலர். எடையைக் குறைப்பதும் செயல்திறனைக் கூட்டுவதும் ஒன்றே என்னும் எண்ணம் கன்வெர்ட்டிபிளிடம் எப்போதும் செல்லுபடியாகாது.

நடுக்கம் வெறும் அசௌகரியம்தானே, அதற்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். வளைவில் கார் சாயும்போது சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குகள் மட்டும் அமுங்குவதில்லை, உடற்கட்டும் சற்று முறுக்கிக்கொள்கிறது. அதாவது உடற்கட்டும் ஒரு ஸ்பிரிங்தான். சஸ்பென்ஷனோடு ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த ஸ்பிரிங். அப்படிக் கோத்த இரண்டில் எது மென்மையானதோ அதுவே மொத்த நடத்தையையும் தீர்மானிக்கும். புரிதலுக்காக மட்டும் ஒரு கணக்கு: விறைப்பு 10 உள்ள ஒன்றையும் 2 உள்ள ஒன்றையும் கோத்தால் கூட்டு விறைப்பு 1.67. 10 உள்ளதை இருமடங்காக்கி 20 ஆக்கினால் கூட்டு 1.82 மட்டுமே, வெறும் 9 சதவீத உயர்வு. 2 உள்ளதை 4 ஆக்கினாலோ கூட்டு 2.86, அதாவது 71 சதவீத உயர்வு. உண்மையான காரில் உடற்கட்டு சஸ்பென்ஷனைவிட விறைப்பானது. ஆனால் முரட்டு ஸ்பிரிங்குகளையும் இடவலச் சக்கரங்களை இணைத்து வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தடித்த ஆன்ட்டி ரோல் பார் என்னும் கம்பியையும் போடப்போட அந்த இடைவெளி சுருங்கி, ஒரு கட்டத்துக்குமேல் நாம் சேர்க்கும் ஒவ்வொரு பாகமும் சக்கரத்தைக் கட்டுப்படுத்துவதற்குப் பதிலாக உடலை முறுக்குவதில் செலவாகத் தொடங்கும். முன்பக்க ஆன்ட்டி ரோல் பார் முன்சக்கரங்களின் பிடியை மாற்ற வேண்டுமென்றால் அதன் விளைவு பின்பக்கம் வரை போய்ச்சேர வேண்டும். நடுவில் உள்ள உடற்கட்டு தளர்ந்திருந்தால் முன்பாதி ஒரு காராகவும் பின்பாதி வேறொரு காராகவும் நடந்துகொள்ளும்.

கதவின் ஓரத்தில் ஒரு நாணயம்

எதையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. காரைச் சமதளத்தில் நான்கு சக்கரங்களிலும் நிறுத்தி, கதவை மூடிவிட்டு, கதவின் பின்விளிம்புக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் இடையிலான இடைவெளியை மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நாணயங்களை அடுக்கிச் செருகிப் பார்த்தால்கூடப் போதும். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். மேல் இடைவெளி கண்ணுக்குத் தெரியும் அளவில் மாறினால், கதவைத் திறந்து மூடும்போது கொண்டி இடித்தால், உடற்கட்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள். சக்கரங்களில் நிற்கும்போதே மேல் இடைவெளி குறுகியும் கீழ் இடைவெளி அகன்றும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: நடுப்பகுதி ஏற்கெனவே தொய்ந்து, அப்படியே நிலைத்துவிட்டது.

அதற்குக் காரணம் பெரும்பாலும் துரு. இந்தத் தலைமுறை மஸ்டாங்கில் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று நுழையும் பெட்டி ஒழுகினால், மழைநீர் உள்ளே இறங்கித் தரைத்தகட்டை அரிக்கும். ராக்கரின் உட்புறம் ஈரம் தங்கி அரித்துப் போயிருப்பதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கூரையுள்ள காரில் ராக்கர் துருப்பிடித்தால் அது ஒரு கவலை. கன்வெர்ட்டிபிளில் அதுவே முதுகெலும்பு முறிவுக்குச் சமம். சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி ராக்கரின் நெடுகிலும் நகர்த்திப் பாருங்கள். பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. அப்படி ஓரிடம் தென்பட்டால் மற்ற எல்லாத் திட்டங்களையும் ஒத்திவைத்துவிட்டு முதலில் தகட்டு வேலைதான். துருப்பிடித்த தகட்டின்மேல் விறைப்பூட்டும் பாகத்தை வெல்டிங் செய்வது கறையான் அரித்த விட்டத்துக்கு இரும்பு ஆணி அடிப்பதைப் போன்றது.

தரைத்தகட்டையோ ராக்கரையோ வெட்டி மாற்றும்போது மறக்கக்கூடாத ஒன்று உண்டு. வெட்டத் தொடங்கும் முன்பே கதவுத் திறப்பின் முன்தூணையும் பின்பக்கத்தையும் இணைத்துத் தற்காலிக இரும்புக் குழாய்களைப் பற்றவைக்க வேண்டும். கூரையும் இல்லாமல், தரையும் இல்லாமல் நிற்கும் உடற்கட்டு ஒரே இரவில் தன் எடையாலேயே கோணிவிடக்கூடும், அந்தக் கோணலோடு புதிய தகட்டைப் பற்றவைத்தால் கதவுகள் அதற்குப் பிறகு சரியாக மூடவே மூடா.

விறைப்பைத் திரும்பக் கொண்டுவருதல்

எளிதானதும் செலவு குறைந்ததுமான வேலை எஞ்சின் அறையில் இருக்கிறது. இந்தக் காரில் முன் ஸ்பிரிங்குகள், சக்கரத்தை உடலோடு இணைக்கும் கை போன்ற மேல் கன்ட்ரோல் ஆர்மின்மீது அமர்ந்து, எஞ்சினின் இருபுறமும் உயர்ந்து நிற்கும் ஷாக் டவர்களைத் தாங்கலாகக் கொண்டிருக்கின்றன. சாலையின் ஒவ்வோர் அடியும் அந்தக் கோபுரங்களை மேலும் உள்ளும் தள்ளுகிறது. அவற்றை எஞ்சின் அறையின் பின்சுவரோடு இணைக்க ஃபோர்டு சாதாரணக் கார்களில் இரண்டு தனித்தனி மெல்லிய தாங்கிகளைப் பொருத்தியது. இரண்டு கோபுரங்களையும் சுவரையும் ஒரே தகட்டால் முக்கோணமாகப் பிணைக்கும் 'எக்ஸ்போர்ட் பிரேஸ்' வெளிநாட்டுச் சாலைகளுக்கு அனுப்பிய கார்களுக்கானது. பெயர் அப்படித்தான் வந்தது. அதோடு இரு கோபுரங்களுக்கும் குறுக்கே போடும் 'மான்ட்டி கார்லோ பார்' என்னும் கம்பியும் சேர்ந்தால் முன்பகுதி மூடிய சட்டமாகிவிடும். மஸ்டாங்கை அடிப்படையாகக் கொண்டு ஷெல்பி நிறுவனம் உருவாக்கிய வேகக் காரான 1965 ஷெல்பி ஜிடி350 இரண்டையும் கொண்டிருந்தது.

பிரேஸைப் பொருத்தும்போது போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போகவில்லை என்றால் பாகத்தைத் திட்டாதீர்கள், சுத்தியலையும் எடுக்காதீர்கள். பல பத்தாண்டுகள் சுமை தாங்கியதில் கோபுரங்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கலாம். அவற்றை நிதானமாக வெளியே தள்ளி, தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்த பிறகே பிரேஸை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாய்வை நிரந்தரமாக்கிய பெருமை நம்முடையதாகிவிடும்.

அடுத்ததே முக்கியமான வேலை: முன்சட்டங்களையும் பின்சட்டங்களையும் காரின் அடியில் நீளவாக்கில் இணைக்கும் 'சப்ஃபிரேம் கனெக்டர்'. இடையில் அறுந்துகிடக்கும் இரண்டு சட்டங்களை ஒரே சட்டமாக்குவது இதன் வேலை. கூரையுள்ள மஸ்டாங்குக்கு என்று விற்பதை வாங்கிக் கன்வெர்ட்டிபிளில் மாட்ட முடியாது. தரைக்கு அடியில் ஏற்கெனவே உள்ள கூடுதல் தகடுகளுக்கு ஏற்ப வடிவமைத்ததைத்தான் கேட்டு வாங்க வேண்டும். போல்ட்டில் மாட்டும் வகையும் உண்டு. என்னைக் கேட்டால், கன்வெர்ட்டிபிளுக்கு அது அரைகுறை வைத்தியம்; ஓட்டைகள் நாளடைவில் தளர்ந்துவிடும். நீளவாக்கில் தரைத்தகட்டோடும் பற்றவைக்கும் வகையே மேல். முறுக்கத்தை எதிர்ப்பதற்கு இரண்டு நீளக் குழாய்கள் மட்டும் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். அவற்றுக்கு இடையே குறுக்குச் சட்டமோ எக்ஸ் வடிவச் சட்டமோ சேரும்போதுதான் தீப்பெட்டிக்கு மேலுறை போட்டதற்கு அருகில் வரும்.

இந்த வெல்டிங்கைச் செய்யும் விதம், பாகத்தின் தரத்தைவிட அதிகம் தீர்மானிக்கிறது. இரு தூண் லிஃப்டில் கார் நடுவில் தாங்கலோடு தொங்கும்போது முன்னும் பின்னும் தொய்ந்து நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த நிலையில் பற்றவைத்தால் அந்த வளைவு உறைந்துவிடும். கார் தன் முழு எடையோடு சக்கரங்கள்மீதோ, சக்கரங்களுக்கு அருகில் சஸ்பென்ஷனுக்கு அடியில் வைத்த தாங்கிகள்மீதோ நிற்க வேண்டும். கதவு இடைவெளிகளை முன்பு எழுதிவைத்த அளவோடு ஒப்பிட்டு, தேவையான இடத்தில் ஜாக்கியால் சற்றே தூக்கிச் சரிசெய்த பிறகு, ஒரே இடத்தில் வெப்பம் ஏறாதபடி இந்தப் பக்கம் ஓரங்குலம், அந்தப் பக்கம் ஓரங்குலம் என்று மாறிமாறிப் பற்றவைக்க வேண்டும். வெல்டர் சலித்துக்கொள்வார். சலித்துக்கொள்ளட்டும்.

இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்தவர்களுக்கு என்ன நேரும் என்பதற்கு ஃபாக்ஸ் தலைமுறை மஸ்டாங் சாட்சி. 1979 முதல் 1993 வரை வந்த அந்தத் தலைமுறையில் 1983இல் கன்வெர்ட்டிபிள் திரும்பியது, அதன் 5.0 லிட்டர் எஞ்சினில் சக்தி கூட்டுவது மிகவும் எளிது. சக்தியைக் கூட்டிவிட்டு, பிடிப்பான டயரோடு சடாரெனக் கிளப்பிப் பழகிய கார்களில், பின் சஸ்பென்ஷன் கைகள் உடலோடு சேரும் தகட்டுப் பெட்டிகள் கிழிந்துபோவது அவ்வட்டாரத்தில் எல்லாரும் அறிந்த நோய்.

சஸ்பென்ஷன்: முதலில் டிரில், பிறகு ஸ்பிரிங்

உடற்கட்டு நின்றுவிட்டால் சஸ்பென்ஷனில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் உடனே கைக்குத் தெரியும். இந்தக் காருக்கு ஏறத்தாழச் செலவே இல்லாத ஒரு மாற்றம் உண்டு. ஃபோர்டின் பொறியாளர் கிளவுஸ் ஆர்னிங் வகுத்த அமைப்பின்படி, மேல் கன்ட்ரோல் ஆர்ம் உடலோடு சேரும் இரண்டு போல்ட் ஓட்டைகளையும் 1 அங்குலம் கீழே புதிதாகத் துளைத்து ஆர்மை அங்கே இறக்கிப் பொருத்துவார்கள். ஷெல்பி தன் 1965 ஜிடி350 கார்களில் இதைச் செய்ததால் பலர் 'ஷெல்பி டிராப்' என்று சொன்னாலும், அதன் உண்மையான உரிமை ஆர்னிங்குக்கே.

ஓர் அங்குலத்தில் என்ன மாறிவிடும்? தொழிற்சாலை அமைப்பில், வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க முன்சக்கரமும் உடலோடு சேர்ந்து வெளிநோக்கிச் சாய்ந்து, டயரின் வெளிவிளிம்பில் நிற்கும். டயர் முழு அகலத்தில் தரையைத் தொடாவிட்டால் பிடி குறையும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். ஆர்மின் உள்முனையை இறக்கும்போது, ஸ்பிரிங் அமுங்க அமுங்கச் சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கி இழுபட்டு, டயர் கூடியவரை தட்டையாக நிற்கிறது. காரும் சற்றுத் தாழ்கிறது. அச்சுத்தாளை வைத்து மிகச் சரியாகத் துளைக்க வேண்டிய வேலை இது. ஓட்டை கோணலானால் வீல் அலைன்மென்ட் என்றைக்கும் ஒத்துவராது.

ஸ்பிரிங் வாங்கும்போது புதியவர்கள் எண்ணைப் பார்த்து மலைத்துப்போவார்கள். அங்குலத்துக்கு 600 பவுண்டு என்றால் கட்டைவண்டி போலக் குலுக்காதா? குலுக்காது. ஸ்பிரிங் ஆர்மின் ஏறத்தாழ நடுவில் அமர்ந்திருப்பதால், சக்கரம் ஓர் அங்குலம் உயரும்போது ஸ்பிரிங் சுமார் அரை அங்குலமே அமுங்குகிறது. அது திருப்பித்தரும் விசையும் நெம்புகோல் கணக்கில் சக்கரத்தை அடைகையில் பாதியாகிவிடுகிறது. பாதியில் பாதி கால் என்பதால், 600 என்று எழுதிய ஸ்பிரிங் சக்கரத்தில் 150 அளவுக்குத்தான் உணரப்படும். ஆனால் விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவைத்தால், அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி எழுவதை அடக்க ஆளில்லாமல் கார் துள்ளிக்கொண்டே போகும். இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும்.

முன்பக்கத்தில் 1 அங்குலத் தடிமனுள்ள ஆன்ட்டி ரோல் பார் சாலைப் பயன்பாட்டுக்கு வழக்கமான தேர்வு. பின்பக்கம் லாரிகளில் காண்பது போன்ற லீஃப் ஸ்பிரிங்கும் ஒற்றை அச்சும்தான். அதைப் பழையது என்று ஏளனம் செய்து நவீன அமைப்புக்கு மாற்றுவது பெரும் செலவு, சாலைக் காருக்கு அவசியமுமில்லை. தொய்ந்த பட்டைகளை மாற்றி, புஷ்களைப் புதுப்பித்து, முடுக்கும்போது பட்டை எஸ் வடிவில் நெளிந்து அச்சு துள்ளுவதைத் தடுக்கும் டிராக்ஷன் பார் சேர்த்தால் போதும். பின்பக்கத்தில் தடித்த ஆன்ட்டி ரோல் பாரை அவசரப்பட்டுப் போடாதீர்கள். வளைவில் முடுக்கும்போது பின்பக்கம் வழுக்கி முந்தப் பார்க்கும்.

டயரைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் காரின் தொழிற்சாலை அலைன்மென்ட் அளவுகள் அன்றைய பயாஸ் பிளை டயருக்கானவை. இன்றைய ரேடியல் டயரைப் போட்டுவிட்டுப் பழைய கையேட்டின் அளவில் அலைன்மென்ட் செய்துகொடுக்கும் கடைகளால் கார் கெட்டதாக எத்தனையோ பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 15 அங்குல வீலில் நல்ல ரேடியல் டயரை மாட்டி, காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாயும் கோணம்) நேர்மறையாக 2 முதல் 3 டிகிரி, கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி பக்கவாட்டில் சாயும் கோணம்) உள்நோக்கி அரை டிகிரி, டோ (இரு முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) உள்நோக்கி சுமார் 3 மில்லிமீட்டர் என்று வைத்தால், நெடுஞ்சாலையில் கார் நேராக ஓடும், வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும். ஸ்டீயரிங்கில் தொய்வு இருந்தால் அதை அலைன்மென்ட்டுக்கு முன்பே சரிசெய்தாக வேண்டும். ஆர்னிங் துளைகளும் அலைன்மென்ட்டும் டயரும் சேர்ந்து தரும் மாற்றத்தை, அதே செலவில் வேறு எதுவும் தராது என்பது என் கருத்து.

நிறுத்தம், தலைக்கு மேல் ஒரு வளையம்

பிரேக்கில் பேச அதிகமில்லை, செய்ய அதிகமுண்டு. பிரேக் மிதியின் அழுத்தத்தைக் குழாய்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் 1965, 1966 மஸ்டாங்கில் ஒற்றை அறை கொண்டது. ஒரே ஒரு குழாய் எங்கே வெடித்தாலும் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒரே நொடியில் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர் மஸ்டாங்கில் 1967 மாடலில்தான் வந்தது. வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை மாற்றுங்கள். முன்பக்க டிரம் பிரேக்குகளை டிஸ்க்காக மாற்றுவதும் அவசியமே: தொடர்ந்து பிடித்தால் டிரம் சூடேறி விரிந்து ஷூவிடமிருந்து விலகிப் போகும், டிஸ்க்கோ சூடேறினால் பேடை நோக்கியே விரியும். ஆறு சிலிண்டர் காரில் வீலுக்கு நான்கு போல்ட், வி8 காரில் ஐந்து என்பதைக் கடைக்குப் போகுமுன் எண்ணிக்கொண்டு போவது நல்லது.

கூரையில்லாத காரை வேகமாக ஓட்ட நினைப்பவர் கவிழ்வதைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ரோல் பார் என்னும் வளையத்தைச் சட்டத்தோடு இணைத்துப் பொருத்தினால் விறைப்பும் சிறிது கூடும். ஆனால் அதன் முதல் வேலை தலையைக் காப்பது. பந்தயத் தளங்களில் கன்வெர்ட்டிபிளைச் சோதிக்கும் முறை எளிது: ரோல் பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு துடைப்பக் கம்பை வைத்துப் பார்ப்பார்கள், ஹெல்மெட் அணிந்த தலை அந்தக் கம்புக்குக் கீழே அடங்க வேண்டும். சாலையில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும்போது அதே இரும்பு வளையம் தலைக்கு எதிரியாகிவிடும் என்பதால் அடர்த்தியான பஞ்சுறை கட்டாயம். துணிக்கூரை மடியும் வழியில் வளையம் தட்டுகிறதா என்பதைப் பற்றவைக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், பின்னர் பார்த்துப் பயனில்லை.

கடைசியாக எஞ்சின்

1965இல் 289 கன அங்குல வி8 எஞ்சின் இரண்டு வாய் கார்புரேட்டரோடு 200 குதிரைத்திறனும், நான்கு வாய் கார்புரேட்டரோடு 225 குதிரைத்திறனும் தருவதாக ஃபோர்டு சொன்னது. அன்றைய எண்கள், சைலென்சரும் ஆல்டர்னேட்டர் போன்ற துணைக்கருவிகளும் இல்லாமல் எஞ்சினைத் தனியே ஓட்டி அளந்தவை; அமெரிக்க நிறுவனங்கள் 1972 மாடல்கள் முதல்தான் காரில் பொருத்திய நிலையை ஒத்த அளவீட்டுக்குப் பொதுவாக மாறின. இன்றைய காரின் எண்ணோடு அந்த 225ஐ நேராக ஒப்பிடக் கூடாது.

எஞ்சின் என்பது காற்றை இழுத்துத் தள்ளும் பம்ப். இழுக்கும் வழியும் தள்ளும் வழியும் அகலமானால் சக்தி கூடும். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டு, நான்கு வாய் கார்புரேட்டர், புகையை வெளியேற்றும் குழாய் வகை ஹெடர் ஆகிய மூன்றும் முதல் படி. ஜிடி350இல் இதே வழியில்தான் 306 குதிரைத்திறன் எட்டினார்கள். அதற்கு அடுத்த படி, 1.78 அங்குல இன்டேக் வால்வு கொண்ட பழைய ஹெட்டுக்குப் பதில் பெரிய வால்வுள்ள அலுமினிய ஹெட்டும், வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் அதற்கிசைந்த கேம் ஷாஃப்ட்டும்.

பெரிய கார்புரேட்டர் பெரிய சக்தி தரும் என்ற நம்பிக்கையைக் கணக்குப் போட்டுக் கலைத்துவிடலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவைக் குடிக்கும் என்பதால், நிமிடத்துக்கு 6000 சுற்றில் 289இன் பாதியை 6000ஆல் பெருக்கி, ஒரு கன அடிக்கு 1728 கன அங்குலம் என்று வகுத்தால் சுமார் 502 கன அடி வருகிறது. சாலை எஞ்சின் அதில் 85 சதவீதம் நிரம்பினாலே பெரிது. அப்படியானால் தேவை 430க்குள். 600 கன அடி கார்புரேட்டர் தாராளம். 750ஐ மாட்டினால் குறைந்த வேகத்தில் காற்றோட்டம் தளர்ந்து பெட்ரோல் சரியாகக் கலக்காமல், சிக்னலில் கிளம்பும்போது இருமும்.

கியர் பெட்டியை மாற்றினால் கிடைக்கும் இன்பத்தைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பின் அச்சு விகிதம் 3.50, டயர் விட்டம் 25 அங்குலம் என்றால், மணிக்கு 97 கிலோமீட்டரில் பழைய நான்கு வேகப் பெட்டி எஞ்சினை நிமிடத்துக்கு 2800 சுற்றுக்கு மேல் ஓடவைக்கும். கூரை திறந்த காரில் அந்த இரைச்சலோடு மூன்று மணி நேரம் போய்ப் பாருங்கள். ஃபாக்ஸ் மஸ்டாங்கிலிருந்து எடுக்கும் டி5 ஐந்து வேகப் பெட்டியின் ஐந்தாம் கியர் 0.68 என்பதால் அதே வேகத்தில் 1900 சுற்று போதும். முடுக்கத்துக்கு உதவும் அச்சு விகிதத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்து முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, பிரேஸின் போல்ட்டுகளையும் சஸ்பென்ஷன் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். புதிய பாகங்கள் அமர்ந்துகொள்ளும்போது அவை தளர்வது இயல்பு. பிறகு அதே சமதளத்தில் காரை நிறுத்தி, அதே ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி, கதவின் ஓரத்தில் அதே நாணயங்களைச் செருகி, பழைய தாளில் எழுதிய அளவுக்குப் பக்கத்தில் புதிய அளவை எழுதுங்கள்.